சிவப்பு வந்தால் எங்கே போவது?

கந்தப்பளையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. பக்கத்து லயத்து அக்கா கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு நேராக எங்கள் இஸ்தோப்புக்கு வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. தொலைபேசியைச் சேலைத் தலைப்பில் துடைத்து என்னிடம் நீட்டினார். கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். அதன் கீழே சிவப்புப் பெட்டி, பெட்டி நிறைய சிங்கள எழுத்து.

“மாஸ்டர், இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. கொழும்புல இருந்து மகன் அனுப்பியிருக்கான். செவப்பா இருக்கு. அதான் நெஞ்சு படபடங்குது.”

வாசித்தேன். மண்சரிவு எச்சரிக்கைதான். சிவப்பு வேறொரு மாவட்டத்துக்கு. எங்கள் நுவரெலியா மூன்றாவது வரியில், மஞ்சளில் இருந்தது. அடியில் திகதியைப் பார்த்தால் அது முந்தாநாள் வந்த எச்சரிக்கை. அதன் காலம் நேற்றே முடிந்துவிட்டது.

“அப்ப பயமில்லீங்களா?”

“ஒக்காருங்கக்கா. இஞ்சி போட்டுப் பிளேன்டீ ஊத்துறேன். குடிச்சிக்கிட்டே பேசுவோம்” என்றேன்.

டித்வா புயல் போனதிலிருந்து எங்கள் பக்கத்தில் இப்படித்தான். வானம் கறுத்தால் முன்பெல்லாம் அண்ணாந்து பார்ப்போம். இப்போது லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டைத் திரும்பிப் பார்க்கிறோம். பயம் எல்லாரிடமும் இருக்கிறது. அந்தப் பயத்தை எப்போது எடுத்துப் பயன்படுத்துவது, எப்போது மடித்து வைப்பது என்று சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. அன்றைக்கு அக்காவிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புயலையே எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 26 அளவில் இலங்கையின் தென்கிழக்கே கடலில் ஒரு தாழமுக்கம் உருவானது. 27ஆம் திகதி, வியாழக்கிழமை, அது சூறாவளியாக வலுத்து டித்வா என்று பெயர் பெற்றது. யேமன் நாடு கொடுத்த பெயர் அது; சொக்கோத்ரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயர். 28ஆம் திகதி நாட்டின் கிழக்குப் பக்கமாகத் தரையேறியது. காற்றை மட்டும் வைத்து அளந்தால் அது பெரிய சூறாவளி இல்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பை ஒரு சூறாவளி புரட்டிப் போட்டதே, அதன் காற்றுக்குப் பக்கத்தில்கூட இது வராது. ஆனாலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களை டித்வா கொண்டு போனது. அவர்களில் பெரும்பகுதியினர் கடலையே அன்றாடம் பார்க்காத கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டத்துக்காரர்கள்.

இந்த இடத்தில் அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “பொயலு கடலுலதானே அடிக்கும்? மலையில இருக்கிற நம்மள அது என்னா செய்யப் போவுதுன்னுதானே அன்னைக்கு இருந்தோம்.”

அன்றைக்கு அப்படித்தான் எல்லாரும் இருந்தோம். சூறாவளி என்ற சொல்லைக் கேட்டால் நம் மனதில் வருவது சாய்ந்த தென்னையும் கரையேறிய அலையும். கடலோரத்துக்கு அது சரி. மலைக்குப் புயல் காற்றாக வருவதில்லை, மழையாக வருகிறது. அடுப்பில் கேத்தல் கொதிக்கும்போது ஆவி மேலே போய்க் குளிர்ந்த மூடியில் பட்டதும் துளித்துளியாகிச் சொட்டுகிறதல்லவா, அதே கதைதான். புயல் கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வரும் ஈரக்காற்று, எங்கள் மலைத்தொடரில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. டித்வா மெதுவாக நகர்ந்த புயல். ஓடிப் போகும் புயலைவிட நின்று நிதானித்துப் போகும் புயல்தான் மலைக்குப் பொல்லாதது. சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. அதற்கு டித்வா என்ற பெயர் விழுந்த வியாழக்கிழமையே பதுளையிலும் நுவரெலியாவிலும் மண்சரிவில் ஆட்கள் புதைந்துகொண்டிருந்தார்கள். புயல் தரையேறியது அடுத்த நாள்தான்.

ஆகவே மலையில் இருக்கிறவர்கள் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். சூறாவளி என்ற சொல்லுக்காகவோ அதன் பெயருக்காகவோ காத்திருக்கக் கூடாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை மில்லிமீட்டர்?”

மில்லிமீட்டர் என்றதும் அக்காவின் முகம் சுருங்கியது. வானொலியில் தினமும் கேட்கிறோம், ஆனால் அது எவ்வளவு தண்ணீர் என்று கையால் தொட்டுப் பார்த்ததில்லை. குசினியிலிருந்து ஒரு காலி டின்பால் டின்னையும் மகளின் அடிமட்டத்தையும் எடுத்து வந்தேன். டின்னை அளந்தோம். ஏறக்குறைய எட்டுச் சென்டிமீட்டர். அதாவது 80 மில்லிமீட்டர்.

“இந்த டின்ன மழையில வெட்டவெளியா வெச்சா, ஒரு நாளுக்குள்ள ரொம்பிருச்சின்னு வைங்க. அது 80 மில்லிமீட்டர். டித்வாவுக்குச் சில எடத்துல பேஞ்சது இந்த மாதிரி நாலு டின்ன ஒன்னு மேல ஒன்னா அடுக்குன ஒசரம்.”

அக்கா டின்னைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தார். “நாலு டின்னு தண்ணிக்கா அந்த மல வந்துச்சி?”

வரும். கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். தோட்டத்தில் வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்று பேசி வந்தோமே, அது ஏறத்தாழ 177 சதுர மீட்டர். அந்தத் துண்டின் மேல் மட்டும் 150 மில்லிமீட்டர் மழை பெய்தால் 26,000 லீற்றருக்கு மேல். எடையில் 26 தொன். 300 மில்லிமீட்டர் என்றால் 53 தொன். நம் லயத்துக்கு மேலே எத்தனை ஏழு பேர்ச் இருக்கிறது என்று மலை உச்சி வரை எண்ணிப் பாருங்கள். அத்தனையின் தண்ணீரும் கீழேதான் இறங்க வேண்டும். கானில் ஓடினால் நல்லது, மண்ணுக்குள் இறங்கி நின்றால் ஆபத்து.

இந்தக் கணக்கின் மேல்தான் எச்சரிக்கையின் மூன்று நிறங்களும் நிற்கின்றன. மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100ஐத் தாண்டினால் அம்பர்: கிளம்ப ஆயத்தமாகுங்கள். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75ஐத் தாண்டினால் சிவப்பு: வெளியேறுங்கள். டின்பால் டின் ஒன்று நிரம்பினால் மஞ்சள், இரண்டு நிரம்பினால் சிவப்பைத் தாண்டியாயிற்று. ஒரு மணி நேரத்தில் ஒன்று நிரம்பினால் அதுவும் சிவப்புதான்.

இந்த நிறங்கள் பிரதேச செயலகப் பிரிவுகளுக்குத்தான் கொடுக்கப்படுகின்றன. வலப்பனை, கொத்மலை, ஹங்குராங்கெத்த, நுவரெலியா என்று வரும். நம் தோட்டத்தின் பெயரோ, மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்ற வித்தியாசமோ அதில் வராது. ஒரே பிரிவுக்குள் ஒரு மலையில் கொட்டும், அடுத்த மலையில் தூறும். இந்த மலையில் வெயிலடிக்கும்போது எதிர் மலையில் பெய்வதை நாம் பார்த்ததில்லையா? ஆகவே கொழும்பிலிருந்து வரும் நிறத்தோடு, நம் வாசலில் நாமே அளக்கும் அளவும் வேண்டும். பக்கம் நேராக உள்ள ஒரு பால்மா டின் போதும். கூரைத் தண்ணீரும் மரத்தண்ணீரும் படாத இடத்தில் வைத்து, தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். விடாமல் அடிக்கும் மழையில் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்றும் அக்காவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எங்கள் மலைகளில் கீழே கருங்கல், மேலே அது உக்கி உண்டான மண். சாதாரண நாட்களில் மண்துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சரிவில் நிற்கின்றன. மழை நாட்கணக்கில் பெய்யும்போது துணிக்கைகளுக்கு இடையே உள்ள காற்று போய்த் தண்ணீர் ஏறுகிறது. தண்ணீர் ஏற ஏற மண்ணின் எடை கூடுகிறது, பிடி குறைகிறது. கீழே கருங்கல்லில் போய் முட்டிய தண்ணீர் மேலே உள்ள மண்ணை உள்ளிருந்து தள்ளுகிறது. ஒரு கட்டத்தில் மலை தன் எடையைத் தானே தாங்க முடியாமல் இறங்குகிறது. அதனால்தான் மழை விட்டு வெயில் வந்த பிறகும் சரிவதுண்டு. “மழதான் விட்டுருச்சே” என்று முகாமிலிருந்து அவசரமாகத் திரும்புவது ஆபத்து.

இதில் மனிதர் கையும் இருக்கிறது. அந்தக் காலத்தில் தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அதைத் துப்பரவாக வைத்திருக்கவே தனியாக ஆள் போட்டார்கள். இன்று எத்தனையோ மலைகளில் கான் மண்மூடிப் புல் முளைத்துக் கிடக்கிறது. கந்தப்பளையைச் சுற்றி லீக்ஸுக்கும் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் சரிவை வெட்டிப் பாத்தி கட்டுகிறோம். நம் லயங்களே மலையை வெட்டிச் சமமாக்கிய இடத்தில்தான் நிற்கின்றன. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் இடைவெளிதான் இருக்கிறது. அந்த இடத்தை நம் பாட்டன் பூட்டன் தெரிவு செய்யவில்லை. தோட்டத்துக்கு வசதியாக இருந்த இடத்தில் கட்டினார்கள், நாம் குடியிருந்துவிட்டோம்.

ஆனால் பல நேரம் மலை சொல்லிவிட்டுத்தான் வருகிறது. நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு விடும். நேற்று வரை சாத்திய கதவு இன்று நிலையில் இடிக்கும். மரமும் மின்கம்பமும் சாயும். இல்லாத இடத்தில் ஊற்று பிறக்கும், இருந்த ஊற்று திடீரென நிற்கும், தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் சேறாக வரும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மஞ்சள், சிவப்பு என்று எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இறங்கிவிட வேண்டும்.

“எங்க காம்பராவுல வெடிப்பு இருக்கு மாஸ்டர்” என்றார் அக்கா. குரல் தணிந்திருந்தது.

போய்ப் பார்த்தேன். சாமிப்படத்துக்குக் கீழே தொடங்கி, சிமெந்துத் தரையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, கதவடியில் முடிந்தது. அக்கா அடுப்புப் பக்கத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து குந்தினார். ஒரு குச்சியை வெடிப்பில் நிறுத்தினார், நின்றது. பக்கத்தில் இரண்டாவதைச் செருகப் பார்த்தார், போகவில்லை. “டித்வாவுக்குப் பொறகு தெனமும் இப்படிப் பாக்குறேன். ஒரு குச்சிதான். ரெண்டாவது போற அன்னைக்குப் புள்ளைங்கள தூக்கிக்கிட்டு ஓடிரணும்னு நெனச்சிருக்கேன்.” தரையில் வெடிப்பின் இரு கரையிலும் பென்சிலால் கோடு போட்டிருந்தார். எந்தப் பயிற்சிப் பட்டறைக்கும் போகாத ஒரு தாய், தன் வீட்டுக்குத் தானே ஒரு அளவுகோல் கண்டுபிடித்து வைத்திருந்தார். எங்கள் ஆட்களுக்கு விளங்காது என்று நினைப்பவர்கள் அந்தத் தரையை வந்து பார்க்க வேண்டும். கிராம சேவகருக்குக் கடிதம் எழுதி, வெடிப்பைப் படமெடுத்து, அன்றிரவே சேர்த்து வைத்தோம்.

இப்போது மொழிக்கு வருகிறேன். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுவோர்தான் பெரும்பான்மை. அப்படியிருந்தும் டித்வா நாட்களில் பல எச்சரிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முந்தி வந்தன. தமிழில் பிந்தி வந்தன, சில வரவே இல்லை. அதன் பிறகு நாடெங்கும் எழுந்த கண்டனங்களில் இது முக்கியமான ஒன்று. மண்சரிவில் எச்சரிக்கை ஒரு மணி நேரம் பிந்தினால் உயிரே போய்விடலாம். வெளியேறவும் என்ற ஒரே சொல்லைத் தாய்மொழியில் கேட்பது எங்களுக்குச் சலுகை இல்லை, உரிமை. மகன் அனுப்பி, மாஸ்டர் வாசித்து, முந்தாநாள் எச்சரிக்கையை இன்று புரிந்துகொள்ளும் நிலை ஒரு தாய்க்கு வரவே கூடாது.

மொழி சரியாக இருந்தாலும் கைபேசியை மட்டும் நம்ப முடியாது. அந்த நாட்களில் மின்சாரம் போனது, தொடர்புக் கோபுரங்கள் செயலிழந்தன, பாதைகள் மண்மூடி நுவரெலியாவே தனித் தீவு போலானது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையை இடைநிறுத்தினார்கள். அந்தச் செய்தியே பல பிள்ளைகளுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே கால்நடையாகப் போகும் செய்தி வேண்டும். அந்தக் காலத்தில் விடியுமுன் தப்பு அடித்துத்தான் பிரட்டுக்கு எழுப்பினார்கள். வேலைக்கு எழுப்பிய தப்பு உயிருக்கு எழுப்பாதா? கோயில் மணியும் மைக்செட்டும் பிரட்டுக்களமும் இன்னும் நம்மிடம் இருக்கின்றன. இன்றைய பங்களாதேஷில் 1970 நவம்பர் போலா புயல் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பின் அங்கே அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து கடலோரக் கிராமந்தோறும் தொண்டர்களைப் பழக்கினார்கள். கொடியேற்றி, ஒலிபெருக்கியில் கூவி, வயதானவர்களைக் கைபிடித்துப் புயல்காப்பிடத்துக்கு அழைத்துப் போவது அவர்கள் வேலை. காலப்போக்கில் பெரும் புயல்களிலும் அங்கே உயிரிழப்பு பல மடங்கு குறைந்தது. கூவுகிறவர் தெரிந்த முகமாக இருந்தார், போய்ச் சேர ஒரு கட்டடமும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

அந்த இரண்டாவதில்தான் எங்கள் கதை இடறுகிறது. 2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்ட லயங்களின் மேல் மலை இறங்கியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒன்பது வருடம் முந்தியே வந்துவிட்டது. போவதற்குக் காணிதான் வரவில்லை. வேறு இடத்தில் வீடுகள் எழுந்தது சாவுக்குப் பின்னால்.

அக்காவும் கடைசியில் அதையே கேட்டார். “எல்லாம் வெளங்குது மாஸ்டர். செவப்பு வந்தா எங்க போறது? லயத்த விட்டா எங்களுக்கு என்னா இருக்கு? ஒரு வாரம் முகாம்ல இருந்தா ஒரு வாரப் பேரும் சம்பளமும் போயிரும். திரும்பி வந்தா அதே காம்பராதான்.”

தேநீர் ஆறிப் போயிருந்தது. மற்ற எல்லாக் கேள்விக்கும் டின்னை வைத்தும் அடிமட்டத்தை வைத்தும் பதில் சொல்லிவிட்டேன். இதற்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. இதற்குப் பதில் தோட்ட நிர்வாகங்களிடமும் அரசிடமும் இருக்கிறது. ஆபத்தான சரிவில் இருக்கும் ஒவ்வொரு லயத்துக்கும், மண்ணைப் பரிசோதித்துத் தெரிந்தெடுத்த நிலத்தில், உறுதிப் பத்திரத்தோடு வீடு வேண்டும். இருநூறு வருடமாக இந்த மலையைப் பேணியவர்களுக்கு அதில் ஏழு பேர்ச் பத்திரமான மண் கேட்பது அதிகமில்லை. வெளியேறச் சொல்லும் நாட்களின் சம்பளம் அறுபடாது என்ற உறுதியும் வேண்டும். அது இல்லாத வரை, சிவப்பு வந்தாலும் காலையில் மலைக்குத்தான் போவார்கள்.

அதுவரைக்கும் நாம் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு லயத்திலும் இந்த வாரமே நான்கு பேர் உட்கார்ந்து பேசி முடிக்கக்கூடிய காரியங்கள் உண்டு. டின்னை அளப்பது யார், இரவில் மணியடிப்பது யார், நடக்க முடியாதவர்களைத் தூக்குவது யார், எந்தப் பாதையால் எந்தக் கட்டடத்துக்குப் போவது. ஓடையோரப் பாதையும் மேட்டடிப் பாதையும் குறுக்கு வழி என்பதற்காக எடுக்கக் கூடாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, டோர்ச் எல்லாம் ஒரு பையில் கதவுப் பக்கமே தொங்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு அக்காவின் வாசல் வழியாகப் போனேன். வெட்டவெளியில், இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு பால்மா டின். பேரன் அடிமட்டத்தை உள்ளே விட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தான். “பன்னெண்டு, அம்மாச்சி.” அக்கா சித்திரக் கொப்பியின் பின்பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதினார், பக்கத்திலேயே “குச்சி ஒன்று” என்றும் எழுதினார். பிறகு கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எழுவத்தஞ்சு வந்தா பைய எறக்கி வைப்பேன். நூறு வந்தா கெழவியவும் புள்ளைங்களையும் பள்ளிக்கொடத்துக்கு ஏத்திருவேன். நூத்தம்பது வர நான் இங்க நிக்கப் போறதில்ல. அதுக்குப் பொறகு எங்க இருக்கிறதுன்னு, நீங்க பெரிய எடத்துக்கு எழுதுங்க மாஸ்டர்.”

எழுதிவிட்டேன் அக்கா.